தீவாக்கியவர் யார்? ஓர் ஆங்கில வினையின் இலத்தீன் வேரும் தீவகத்தின் சான்றும்

மின்கம்பியின்மேல் இறப்பர் உறையிடுதலை ஆங்கிலர் 'இன்சுலேற்' என்னும் வினையாற் குறிப்பர். பௌதிகவியல் பயிலும் மாணவர் அன்றாடம் எடுத்தாளும் இச்சொல்லுக்கும் கடலுக்கும் உறவுண்டு என்று கூறின் அவருட் பலர் வியப்படைவர். இலத்தீன் மொழியிலே 'இன்சுலா' என்பது தீவு. ஆகவே 'இன்சுலேற்' என்பதன் முதற்பொருள் தீவாக்குதல் என்பதே. 16ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலத்திற் புகுந்தபோது அது ஒரு நிலப்பகுதியை நீர் சூழச் செய்தலையே குறித்தது. மின்னியல் ஆய்வு தலையெடுத்த 18ஆம் நூற்றாண்டிலேதான் அது கண்ணாடிக்கும் பட்டுக்கும் கம்பிக்கும் உரிய சொல்லாயிற்று. நீர் வற்றிப்போயிற்று, வினை மட்டும் எஞ்சியது.

இவ்வினைக்கு உடன்பிறப்புகள் இரண்டு உள. ஒன்று 'ஐசொலேற்', தனிப்படுத்துதல் என்னும் பொருளில் எங்கும் வழங்குவது. மற்றொன்று 'பெனின்சுலேற்', பேரகராதிகளிலன்றி வேறெங்கும் எளிதிற் காணக் கிடையாத அருஞ்சொல். நிலத்தை முப்புறமும் நீர் சூழச் செய்தல் என்பது அதன் பொருள். ஆறொன்று வளைந்தோடி ஊரொன்றை மூன்று பக்கமும் அணைத்து நிற்குமாயின், ஆறு அவ்வூரைப் 'பெனின்சுலேற்' செய்தது என்று ஆங்கிலர் கூறுதல் கூடும்.

ஒரே வேரிற் கிளைத்த இம்மூன்று வினைகளையும் நிறுத்துப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்தின் மேற்கே கிடக்கும் தீவகத்தினும் தக்க துலாக்கோல் வேறில்லை. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் இவற்றின் மக்கள் தீவென்பது யாதென அகராதி பாராமலே அறிந்தவர்கள். அகராதி கூறும் பொருளும் அவர்கள் அறிந்த பொருளும் ஒத்துவருமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் இலத்தீன் வரலாற்றை நோக்குதல் தகும். 'இன்சுலா' என்னும் பெயரின் பிறப்பு ஐயத்துக்கு இடமானது. 'இன் சாலோ', அஃதாவது கடலகத்தது, என்று பண்டையோர் அதனைப் பிரித்துக் காட்டினர். இக்கால மொழிநூலார் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை. பிறப்பு எவ்வாறாயினும் வழித்தோன்றல்கள் தெளிவானவை. 'இன்சுலாற்றுஸ்' என்பது தீவாக்கப்பட்டது என்னும் பொருளது. அது இத்தாலிய மொழியில் 'இசொலாற்றோ' என மருவிற்று. பிரெஞ்சிலே 'இசொலே' என மேலும் தேய்ந்தது. 18ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலரின் நாவில் 'ஐசொலேற்றட்' என்று வந்து நின்றது.

இங்கே ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் முதலிற் புகுந்தது 'தனிப்படுத்தப்பட்ட' என்னும் எச்சமே. 'தனிப்படுத்து' என்னும் வினை பின்னரே தோன்றியது. எச்சத்திலிருந்து பின்னோக்கிச் சென்று வினையடியை வகுத்துக்கொண்டனர். பிள்ளையைக் கண்ட பின்னர்த் தாயைத் தேடியது போன்ற நிகழ்ச்சி இது. இலக்கணத்தார்க்கு இது சிறு செய்தியாகலாம். பொருளாராய்வார்க்கு இது பெருஞ் செய்தி. ஒருவன் மரத்தை வெட்டினான் என்னும் வாக்கியத்தில் வெட்டியவனும் வெட்டப்பட்டதும் தெரிகின்றன. தனிப்படுத்தப்பட்ட ஊர், தனிப்படுத்தப்பட்ட குடும்பம், தனிப்படுத்தப்பட்ட மக்கள் என்னும் தொடர்களிலோ செய்தவர் மறைந்துவிடுகின்றனர். எழுவாய் இன்றியே நடமாடப் பழகிய சொல்லாதலின், யார் செய்தது என்று கேட்கும் வழக்கமும் அதனோடு வளரவில்லை. தனிமை என்பது மழை போலவும் வெயில் போலவும் தானே வந்து சேர்வதாக ஒரு மயக்கம் அதனால் உண்டாகிறது.

இந்த மயக்கத்துக்கு இன்னுமொரு காரணம், நிலத்தில் நின்று கடலை நோக்குவோரின் கண். ஆங்கிலத்திலே தீவைக் குறிக்கும் 'ஐலன்ட்' என்னும் சொல்லே இதற்குச் சான்று பகரும். அச்சொல் இலத்தீன் வழிவந்ததன்று. நீர்நிலம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. அதன் நடுவே ஒலிக்காமல் நிற்கும் 'எஸ்' என்னும் எழுத்து, 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்னும் வேறொரு சொல்லைப் பார்த்து, உறவென்று மயங்கிப் பிற்காலத்தார் இட்டது. பழைய ஆங்கிலச் சொல் நீரை நினைந்தது. இலத்தீனிலிருந்து வந்த வினைகளோ பிரிவையே நினைந்தன. ஆங்கில இலக்கியமும் அப்பிரிவையே பெரிதும் பற்றிக்கொண்டது. மனிதர் ஒருவரோடொருவர் பிணைந்தவர் என்பதை நிறுவவந்த யோன் டன், 1624 இல் வெளியான தம் உரைநடை நூலிலே, பிணைப்பின்மைக்குத் தீவையே உவமானமாகக் கொண்டார். கருத்து உயர்ந்தது, உவமானமாகிய தீவின்மேல் ஏற்றிய பழியோ அப்படியே நின்றுவிட்டது.

உரோமர் தம் சொல்லை இவ்வளவு குறுக்கவில்லை என்பது அறியத்தக்கது. உரோம நகரிலே 'இன்சுலா' என்னும் பெயர் மாடிமேல் மாடியாக அடுக்கிய வாடகைக் குடியிருப்புக்கும் வழங்கியது. தெருக்கள் சூழ நின்றமையால் அப்பெயர் பெற்றது என்பர். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நகரப் பட்டியல்கள், செல்வர் வாழும் தனிமனைகள் 1,800 அளவும் 'இன்சுலா'க்கள் 46,000 அளவும் இருந்தனவாகக் குறிக்கின்றன. இப்பட்டியல் எண்ணுவது முழுக் கட்டடங்களையா அன்றி அவற்றின் பகுதிகளையா என அறிஞர் மாறுபடுவர். எவ்வாறு கொள்ளினும், உரோமனுக்குத் 'தீவு' என்ற சொல் தனிமையை மட்டும் நினைவூட்டியதன்று. ஏழையர் நெருங்கி வாழும், சந்தடி ஓயாத வீட்டையும் நினைவூட்டியது.

இனி அருஞ்சொல்லாகிய 'பெனின்சுலேற்' என்பதை நோக்குவோம் எனின், அதன் முதலுறுப்பு 'பைனே' என்னும் இலத்தீன் இடைச்சொல். ஏறத்தாழ, முற்றும் நிறையாத என்பது அதன் பொருள். கிரகண காலத்திலே முழுநிழலைச் சூழ்ந்து தோன்றும் அரைநிழலைப் 'பெனம்பிரா' என்று வானநூலார் கூறுவதும் இவ்வுறுப்பாலேயே. 'உம்பிரா' என்பது நிழல். எனவே 'பெனின்சுலா' என்பது தீவாகக் குறைபட்டது, தீவுக்குச் சற்றுக் குறைந்தது என்று பொருள்படும். தமிழிலே வழங்கும் 'தீபகற்பம்' என்னும் சொல் இதற்கு வியக்கத்தக்க இணையானது. வடமொழியில் 'கல்ப' என்னும் பின்னொட்டு, ஒன்றன் தன்மையை முற்றும் எய்தாது அதனை அணுகிநிற்பதைக் குறிக்கும். துவீபகல்பம் என்பது தமிழிலே தீபகற்பமாயிற்று. சிலர் இதனைக் 'கருப்பம்' என்னும் சொல்லோடு இயைத்து எழுதுவதும் பொருள் கூறுவதும் பிழை. இலத்தீனும் வடமொழியும் ஒரே நில அமைப்பை ஒரே எண்ணத்தோடு நோக்கிப் பெயரிட்டமை இதனாற் புலனாகும். இரண்டும் தீவை முழுமையாகவும் மற்றையதைக் குறையாகவும் கொண்டன.

இலங்கைத் தமிழர் வழக்கோ வேறு. யாழ்ப்பாணத்தைக் 'குடாநாடு' என்றே அவர் வழங்குவர். குடா என்பது நிலத்துள் வளைந்து புகுந்த கடல். இப்பெயரிலே குறையும் இல்லை, நிறையும் இல்லை. கடலோடு கூடி வாழும் நாடு என்னும் செய்தி மட்டுமே உண்டு. மொழிபெயர்ப்பாற் பிறந்த சொல்லுக்கும் இடத்தைக் கண்டு இட்ட சொல்லுக்கும் உள்ள வேற்றுமை இது.

'தீவு' என்னும் சொல்லும் அவ்வாறே ஆராயத்தக்கது. அதன் மூலமாகிய துவீபம் என்பது இருபாலும் நீருடையது எனப் பிரித்துப் பொருள் கொள்ளப்படும். பிரிவு என்பது அச்சொல்லில் இல்லை. ஆயினும், தமிழிலும் அக்கருத்து ஒரு காலத்திலே வந்து புகுந்தது. புகுந்த வழியையும் காட்டலாம். துவீபாந்தரம் என்பது வடமொழியிலே கடலுக்கு அப்பாலுள்ள பிற தீவுகளைக் குறித்தது. காளிதாசர் இரகுவம்சத்திலே துவீபாந்தரத்தைக் கிராம்பு பூக்கும் தேசமாக நினைவுகூர்கிறார். நறுமணப் பொருள்கள் வரும் திசை அது; வணிகர் ஆசையோடு நோக்கிய திசை. அச்சொல்லே தமிழில் 'தீவாந்தரம்' எனப்பட்டுப் பிற்காலத்தில் 'தீவாந்தர சிட்சை' என்னும் தொடரில் நாடுகடத்தற் தண்டனையின் பெயராயிற்று. 1801 இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1802 இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பியது ஆங்கிலக் கும்பினி. 1858 முதல் அந்தமான் தீவுகள் அப்பணிக்கு ஆளாயின. நெப்போலியனை 1814 இல் எல்பாவுக்கும் 1815 இல் செயின்ற் ஹெலனாவுக்கும் அனுப்பிய காலமும் இதுவே. கிராம்பின் மணம் கமழ்ந்த சொல்லிலே விலங்கின் ஓசை கேட்கத் தொடங்கியது. தீவைச் சிறையாக்கியது கடலன்று. ஆணை பிறப்பித்த அரசு என்பது இவ்வரலாற்றிலே வெளிப்படை.

தமிழிலக்கியத்திலே தீவாக்குதல் என்னும் வினையின் பொருளை ஆழ்ந்து காட்டிய இடம் ஒன்று உண்டு. அது மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு. சிந்தாதேவி அளித்த அமுதசுரபியைக் கொண்டு மதுரையிலே பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தவன் ஆபுத்திரன். நாட்டிலே மழை பெருகி வளம் மிகவே அவனிடம் உண்ண வருவார் எவருமிலர் ஆயினர். சாவக நாட்டிலே மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கலத்திலே வந்தோர் கூறக் கேட்டு, அந்நாடு செல்லக் கலமேறினான். காற்றின் நிலை மாறவே கலம் மணிபல்லவத் தீவிலே ஒரு நாள் தங்கியது. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று கருதிய கலத்தலைவன் இரவிலே பாய்விரித்துச் சென்றுவிட்டான். உண்பிக்க எவருமற்ற தீவிலே, தான் மட்டும் உண்டு வாழ விரும்பாத ஆபுத்திரன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்நீத்தான்.

இவ்விடத்திலே சாத்தனாரின் நுட்பம் பாராட்டற்பாலது. கலம் நின்ற நாளிலும் மணிபல்லவத்தைக் கடல் சூழ்ந்திருந்தது. கலம் சென்ற மறுநாளிலும் அதே கடல் அவ்வாறே சூழ்ந்திருந்தது. நீரின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் முதல்நாள் அது தங்குமிடம். மறுநாள் அது தனிச்சிறை. இடையில் நிகழ்ந்தது கலம் போனமை ஒன்றே. 'இன்சுலேற்' என்னும் வினையின் உண்மையான எழுவாய் யாது என்பதற்கு இதனினும் தெளிவான விடை எந்த அகராதியிலும் இல்லை. மேலும், கலத்தலைவன் பகைவன் அல்லன், கொடியவனும் அல்லன். ஏறினோரை எண்ணிப் பாராதவன், அவ்வளவே. ஒருவனைத் தீவில் விட்டுவிடுவதற்குப் பகை வேண்டுவதில்லை. கவனமின்மையே போதும் என்பதைக் காப்பியம் ஆரவாரமின்றி உணர்த்திவிடுகின்றது. ஆபுத்திரன் இறந்ததும் உணவின்மையால் அன்று என்பது நினைக்கத்தக்கது. உணவு அவன் கையிலே இருந்தது, கொள்வார் இல்லை. பெறுதற்கு ஒருவர் இல்லாதபோது கொடுப்பவனும் தீவாகிவிடுகிறான்.

மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுவர், மறுப்போரும் உளர். அது முடிவுற்றாலும் முடிவுறாவிட்டாலும், நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டொன்று இவ்வாராய்ச்சிக்கு நேரான சான்று தருகின்றது. அது 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. தமிழ் மொழியிலே பொறிக்கப்பெற்றது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்பது அவ்வாணையின் கருத்து. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலங்கள் உடைந்துபோயின் அவற்றிலே நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப் பொருளேற்றிய கலம் உடையின் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தீவிலே நின்ற கல், தனிமையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அது பேசுவதெல்லாம் வருவோரைப் பற்றி. கலம் உடைந்த நாளிலும் வணிகன் உடைமையை முற்றும் இழந்து நிற்கக்கூடாது, அவன் மீண்டும் வருதல் வேண்டும் என்ற அக்கறை அதிலே தெரிகின்றது. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன என்பது உண்மையே. ஆயினும் தன்னலம் கருதிய அரசனுங்கூடத் தீவை வாயிலாகக் கண்டானேயன்றி மதிலாகக் காணவில்லை.

பெயர்களும் இதனையே கூறும். ஊர்காவற்றுறை என்னும் பெயரில் நிற்பது துறை. போர்த்துக்கேயர் அதனைக் 'கைஸ்' என்றனர். கலம் அணையும் மேடை என்பது அதன் பொருள். அதுவே ஆங்கிலத்தில் 'கேற்ஸ்' எனத் திரிந்தது. தமிழரும் போர்த்துக்கேயரும் ஒருவரையொருவர் கேளாமலே அவ்விடத்தைக் கலம் அணையும் இடமாகக் கண்டு பெயரிட்டனர். பின்வந்த ஒல்லாந்தரோ, நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைப் பெருந்தீவுக்கு லைடன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேற்றுநாட்டுப் பெயராயினும் அவையும் நகரப் பெயர்களே.

இத்தகைய தீவுகளுக்குப் 'பெனின்சுலேற்' என்னும் அருஞ்சொல் எவ்வாறு பொருந்தும்? அகராதியின்படி அவ்வினையைச் செய்வது நீர். நிலத்தை நீர் வந்து வளைத்து, தீவுபோல ஆக்குகின்றது. தீவகத்திலே நடந்தது இதற்கு நேர்மாறு. மனிதர் கல்லும் மண்ணும் சுமந்து கடலிலே தாம்போதி போட்டனர். பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவை யாழ்ப்பாண நகரோடு இணைத்தது. வாணர் தாம்போதி என்று வழங்குவது புங்குடுதீவை வேலணையோடு இணைத்தது. பொன்னாலைத் தாம்போதியால் காரைதீவு குடாநாட்டோடு கூடிற்று. பின்னர் அவ்வூர் தன் பெயரிலிருந்த 'தீவை'யும் களைந்து காரைநகர் ஆயிற்று. வரைபடத்தில் வடிவம் ஒன்றாகவே தோன்றும்: முப்புறம் நீர், ஒருபுறம் வழி. ஆனால் ஒன்று நிலம் குறைந்து தீவை நெருங்கியது. மற்றையது தீவு தன் கைநீட்டி நிலத்தைத் தொட்டது. இலத்தீனில் முன்னதற்கு ஒரு வினை உண்டு, பின்னதற்கு இல்லை. தாம்போதி போடுதல் என்ற வழக்கே அதற்குப் போதிய வினை.

தாம்போதி இல்லாத இடத்திலே மக்கள் வழங்கும் சொல் இன்னும் சிறந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள நீரிணையைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கு அவ்வூரார் இட்ட பெயர் 'பாதை'. பாதை வந்துவிட்டது, பாதை போய்விட்டது என்பர். அயலூரார்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். தரையிலே வாழ்வோர்க்குப் பாதை நிலையானது. நடப்பவன் வருவான், போவான். தீவில் வாழ்வோர்க்கோ பாதையே வருகிறது, போகிறது. பாதை போனபின் நிற்பவனே ஆபுத்திரன். காப்பியம் விரித்துரைத்ததை ஊர் வழக்கு ஒரு சொல்லில் அடக்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். தீவிலே துன்பம் இல்லையா? சோழகக் காற்று வீசுங் காலத்திலே நெடுந்தீவினின்றும் நோயாளியைக் கொண்டுவரப் படகு கிடையாது தவிப்பதைத் தனிமை என்று கூறாமல் வேறென்ன கூறுவது? மறுப்பு வலியுடையது. அத்துன்பத்தை மறைத்துத் தீவைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அத்துன்பத்தின் காரணத்தைக் கடலின்மேல் ஏற்றிவிட்டு ஓய்தலும் நேர்மையாகாது. காற்றைத் தாங்கும் கலம் இன்மையும், தீவிலே போதிய மருத்துவ வசதி இன்மையும் மனிதர் செயலும் செயலின்மையுமே. 'தனிப்படுத்தப்பட்ட தீவு' என்று எழுதும் எழுதுகோல், தனிப்படுத்தியவரின் பெயரை எழுதாமலே வாக்கியத்தை முடித்துவிடுகிறது.

போர்க்காலம் இதனைக் கொடிய முறையிலே மெய்ப்பித்தது. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினி என்னும் படகிலே 1985 மே 15 இல் பயணம் செய்தோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர். கொன்றோர் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் கூறினர். 1990 ஐ அடுத்த ஆண்டுகளிலே தீவகத்தினின்றும் மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். அக்காலத்திலே தீவகம் தனித்துப்போயிற்று என்று கூறுவது வழக்கம். 'போயிற்று' என்னும் அத் தன்வினை உண்மையைக் குறைத்துக் கூறுகின்றது. தாக்கப்பட்டது படகு மட்டுமன்று; தீவுக்குப் பாதையாய் இருந்ததே தாக்கப்பட்டது.

இனி, இவ்வாங்கில வினைகளுக்குத் தமிழர் கண்ட நேர்ச்சொற்களை மதிப்பிடுதல் வேண்டும். இலங்கையிலே விஞ்ஞான நூல்கள் தமிழாக்கப்பட்டபோது 'இன்சுலேற்' என்பதைக் 'காவலிடுதல்' என்றும், மின்னைக் கடத்தாத பொருளைக் 'காவலி' என்றும் வழங்கினர். சொல்லின் வேரைத் தேடித் 'தீவாக்கி' என்று எழுதாமல், செயலின் நோக்கத்தைத் தேடிப் பெயரிட்டமை போற்றத்தக்கது. கம்பிக்கு உறையிடுவது அதனைக் கைவிடுவதற்கன்று, காப்பதற்கு. 'ஐசொலேற்' என்பதற்குத் 'தனிமைப்படுத்துதல்' என்னும் சொல் நிலைத்தது. 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது இச்சொல் ஒவ்வொருவர் வாயிலும் வழங்கியது. ஆனால் நோயுற்றவரைப் பிரித்துவைத்தலும், நோயுண்டோ என அறியும்வரை ஒருவரைக் காத்திருக்கச் செய்தலும் ஆங்கிலத்தில் இருவேறு சொற்களுக்குரியன. பின்னையது, வெனிசு நகரத்தார் துறையிலே கலங்களை நாற்பது நாள் நிறுத்திவைத்த வழக்கத்தால் 'குவாரன்ரீன்' என்று பெயர் பெற்றது. தமிழிலே இரண்டும் 'தனிமைப்படுத்தல்' என்னும் ஒரே சொல்லிற் கலந்தன. காத்திருத்தலும் விலக்கப்படுதலும் ஒரே சொல்லால் உணர்த்தப்பட்டபோது, காத்திருந்தோர் தாம் விலக்கப்பட்டதாக அஞ்சியதில் வியப்பில்லை. சொல்லாக்கத்திலே நேரும் சிறு கவனக்குறைவும் மனிதர் மேல் விழும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

எனினும் 'தனிமைப்படுத்து' என்பதிலே ஒரு நன்மை உண்டு. 'படுத்து' என்பது பிறவினை. தனித்தல் வேறு, தனிமைப்படுத்தல் வேறு என்பதைத் தமிழ் இலக்கணம் மறக்க விடாது. தனித்திருத்தல் தவத்தோர்க்கும் கற்போர்க்கும் விருப்பமாகலாம். தனிமைப்படுத்தலுக்கோ செய்பவன் ஒருவன் வேண்டும். ஆங்கிலம் எச்சத்தை முன்வைத்து மறைத்த எழுவாயைத் தமிழ் தன் வினையுருவிலேயே கேட்டு நிற்கின்றது.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிலே 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். உரோமாபுரியிலே கல்வி பயின்று இலத்தீனிலும் இத்தாலியத்திலும் புலமை பெற்றவர். 'இன்சுலா' என்னும் சொல்லை அதன் பிறப்பிடத்திலேயே கேட்ட தீவகத்தார் அவர். 1952 இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 இல் புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 இல் கோலாலம்பூரிலே முதல் மாநாடு கூடவும் முன்னின்றார். அந்தோம் தெ புரோயென்சா தொகுத்து, அவர் மறைந்தபின் 1679 இல் வெளிவந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி ஐரோப்பிய நூலகத்திலே எவரும் நாடாது கிடந்தபோது, 1966 இல் அதனை மறுபதிப்பாக்கி ஆய்வாளர் கையிற் சேர்த்தார். தமிழ் கற்ற பிறநாட்டார் தமிழரை அறியாமலும், தமிழர் அவர்களை அறியாமலும் இருந்த காலம் அது. அவர் ஆற்றிய பணியைத் தீவகத்தின் மொழியிலே கூறின், தாம்போதி போட்டார் எனலாம்.

மணிமேகலையின் கதையும் ஆபுத்திரனோடு முடியவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவன் கோமுகியில் இட்ட பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கையை அடைந்து, கடல் கடந்து புகாரின் பசியைத் தீர்த்தது. கலம் மறந்துசென்ற அதே தீவிலிருந்தே நகரத்துக்கு உணவு சென்றது. தீவை இழந்தவர் எவர் என்னும் வினா அங்கே தலைகீழாகின்றது.

மாணவர் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் 'தனிமைப்படுத்தப்பட்ட' என்னும் எச்சத்தை இனியும் பலமுறை காண்பர். வாக்கியத்திலே எழுவாயைக் கண்டுபிடித்தல் இலக்கணம் கற்பார்க்கு முதல்வகுப்பிலே கற்பிக்கப்படும் பயிற்சி. அச்சொல்லைக் காணும் ஒவ்வொரு முறையும் அப்பயிற்சியை மறவாது செய்வாராயின், ஓர் இலத்தீன் வேரைத் தோண்டியதன் பயன் கைகூடும்.